கொப்புக்காரர் வீட்டுச் சப்போட்டா

முடிச்சூரில் வந்து லோகநாதன் வீடு எது என்று கேட்டால், எந்த லோகநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். கொப்புக்காரர் வீடு என்று கேட்டால் பழைய ஊர்க்காரர்கள் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பெயருக்காகவே நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர் அவர். அறுபது தாண்டியும் மீசைக்கு மை போடுவார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன். தொழில் மனை புரோக்கர். ஆனால் புரோக்கர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "அத்தெல்லாம் சைடுல பண்றது" என்பார்.

கொப்பு என்பது பாலை மரத்துக் கிளை. ஏரிக்கரை அம்மனுக்கு ஆடியில் கூழ் வார்ப்பார்கள். அதற்குக் காப்புக் கட்டும் நாளில் பாலைக் கொப்பு ஒன்று ஊர்வலமாக வந்து பந்தக்காலில் ஏற வேண்டும். பூசாரி அதன் தண்டில் கத்தியால் ஒரு கீறு போடுவார். வெள்ளையாகப் பால் கசிந்து கலசத்தில் சொட்ட வேண்டும். சொட்டினால்தான் பம்பைக்காரர் கை பம்பையில் விழும். அதுவரை ஊரே வாயை மூடிக்கொண்டு நிற்கும். அந்தக் கொப்பைக் கொண்டுவரும் உரிமை லோகநாதன் வீட்டுக்கு மட்டும்தான். அவருடைய அப்பா கொண்டுவந்தார், அதற்கு முன் தாத்தா. முதல் மாலை அம்மனுக்கு, இரண்டாவது மாலை கொப்புக்காரருக்கு. வருஷத்தின் மற்ற நாளெல்லாம் மனைக்கு ஆள் பிடிக்க அலைகிறவர், அந்த ஒரு காலையில் மட்டும் ஊரைக் காக்கவைப்பார். அதைக் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தார் என்றும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஊரில் பாலை மரம் இல்லாமல் போனதற்குப் பெரும் பொறுப்பும் அவருடையதே. ஏரிக்கும் வயலுக்கும் நடுவில் முன்பு ஒரு புதர்க்காடு இருந்தது. காரை, களா, ஈச்சை எல்லாம் கீழே. அவற்றுக்கு மேல் தலைதூக்கி நின்றவை பாலை மரங்கள். கறுத்த அடிமரம், அடர்ந்த இலை, அவசரமே இல்லாத வளர்ச்சி. கோடையில் வேப்பம்பழம் அளவுக்கு மஞ்சளாகப் பழுக்கும். தித்திப்பு தாங்காது. நாலு பழம் தின்றால் பால் பிசுபிசுத்து மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். லோகநாதனின் மனைவி ஜெயக்கொடிக்கு அந்தப் பழம் அத்துப்படி. அவளுடைய அம்மா அதைக் கூடையில் வைத்துத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் விற்றவள்.

அந்தக் காடு பட்டா நிலம், பல பேருக்குப் பங்கு. நெல் போய் மனை வந்த காலத்தில் லோகநாதன் அதைப் பங்கு பங்காகப் பேசி முடித்தார். நடுவில் மரம் நின்றால் மனை கோணலாகத் தெரிகிறது என்று வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வெட்டச் சொன்னார். வெட்டியவர்கள்தான் பாவம், பாலைக் கட்டையில் ரம்பத்துப் பல் உடையும். ஒவ்வொரு தடவையும் "இன்னும் நாலு மரம் கீதுப்பா, கொப்புக்கு அது போதும்" என்பார். நாலு மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. கடைசி மரம் நின்ற மனையை வாங்கியவரிடம் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி ஆடி முடியும்வரை அவகாசம் வாங்கினார். அந்த வருஷத்துக் கொப்பை எடுத்துக்கொண்ட பிறகு அதையும் வெட்டினார்கள். அவருடைய பக்தி அவ்வளவு தூரம்தான் போயிற்று.

அதற்குப் பிறகு வண்டலூருக்கு அந்தப் பக்கம் உள்ள காப்புக்காட்டுக்கு ஸ்கூட்டரில் போய்க் கொப்பு எடுத்துவந்தார். சில வருஷம் ஓடியது. ஒரு வருஷம் வனக் காவலர் ஒருவர் கையும் கொப்புமாகப் பிடித்துக்கொண்டார். அம்மன், பரம்பரை, பம்பை எல்லாவற்றையும் காவலர் பொறுமையாகக் கேட்டார். பெரிய மனுஷனாயிற்றே என்று மனம் இரங்கிக் கொப்போடு அனுப்பினார். அடுத்த முறை கேஸ் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். கோயிலில் காத்துக் கடுகடுத்துக்கொண்டிருந்த ஊரிடம் லோகநாதன் வேறு கதை சொன்னார். வழியில் நல்ல பாம்பு படம் எடுத்து நின்றதாம், அம்மன் உத்தரவு கிடைத்த பிறகுதான் விலகிற்றாம். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மறு வருஷம் காட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அப்போதுதான் அவர் கண் வீட்டின் பக்கவாட்டில் நின்ற சப்போட்டா மரத்தின்மேல் விழுந்தது.

அந்த மரத்துக்கும் ஒரு கதை உண்டு. புது வீடு கட்டிய கையோடு படப்பை ரோட்டு நர்சரியில் வாங்கிவந்து நட்ட ஒட்டுச்செடி அது. மூன்று வருஷத்தில் காய்க்கும் என்று நர்சரிக்காரர் சவுரிமுத்து அடித்துச் சொன்னார். மூன்றாம் வருஷம் காய் வருவதற்குப் பதிலாக வெள்ளம் வந்தது. அந்த டிசம்பரில் முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது. செடி நாள்கணக்கில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. வடிந்தபோது சேறு பூசிய குச்சிதான் மிச்சம். பிடுங்கிப் போடு என்றாள் ஜெயக்கொடி. லோகநாதன் விடவில்லை. கொஞ்ச நாளில் அடித்தண்டிலிருந்து ஒரு துளிர் வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லா வூட்லயும் சப்போட்டா கீது. செத்துப் பொழச்ச சப்போட்டா யாராண்ட கீது?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டினார். மரம் வளர்ந்தது. காய்க்க மட்டும் இல்லை. அடுத்த தெருவில் சாராள் டீச்சர் வீட்டுச் சப்போட்டா பை பையாகக் காய்த்தது. டீச்சர் கொடுத்தனுப்பும் பழத்தைத் தின்றுகொண்டே லோகநாதன் தன் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

சப்போட்டாவுக்கும் பால் உண்டு, இலையும் ஏறக்குறைய அதே ஜாடை. பாலையை அடையாளம் தெரிந்த கண்கள் ஊரில் குறைந்துபோயிருந்தன. கத்தியை எடுத்துக்கொண்டு அவர் மரத்தடிக்குப் போனபோது ஜெயக்கொடிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இன்னாய்யா பண்றே? சாமிக்கே டூப்ளிகேட்டா?"

"நீ கம்முனு இரு. என் கஷ்டம் அவளுக்குத் தெரியும்."

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பாலை இலையின் நுனி உள்வாங்கி, யாரோ நகத்தால் கிள்ளியது போல் இருக்கும். சப்போட்டா இலை கூராக முடியும். வெட்டிய கொப்பைப் புரட்டிப் பார்த்தால் எல்லா இலையும் நுனி கிள்ளியது போலவே இருந்தது. லோகநாதன் சிலிர்த்துப்போனார். தன் மானத்தைக் காப்பாற்ற அம்மனே இறங்கிவந்து இலை இலையாகக் கிள்ளியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். கடைக்குப் போய்ச் சப்போட்டா என்று கேட்டு வாங்கிவந்த செடி சப்போட்டாவாகத்தானே இருக்க வேண்டும்? வேறு எதையும் நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. நமக்கும் தோன்றியிருக்காது.

ஆறு ஆடி இப்படிப் போயிற்று. மரியாதை குறையவில்லை, மாலை வாடவில்லை. பயம் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. பூசாரி பொன்னுரங்கம் கத்தியை வைக்கும்போதெல்லாம் லோகநாதனுக்கு முதுகு வியர்க்கும். முட்டி வலித்தால் கொப்பு, ஸ்கூட்டர் சறுக்கினால் கொப்பு, மகன் பாலுவுக்கு வேலை போனபோதும் கொப்பு. பாலுவுக்கு வேறு வேலை கிடைத்தது. அதை அவர் அம்மன் கணக்கில் சேர்க்கவில்லை. சாமி கும்பிடும்போது மன்னிப்பைத் தவிர வேறு எதையும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

போன தை மாதம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட மோகன்ராஜ் என்ற பில்டரோடு ஒப்பந்தம் போட்டார். இரண்டு ஃபிளாட் இவர்களுக்கு, மற்றது அவருக்கு. பாலுவின் பிள்ளைகள் பெரிதாகிக்கொண்டு வந்தார்கள், பழைய வீட்டில் ஆளுக்கொரு மூலைகூட இல்லை. ஆனி முடிவதற்குள் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பூமி பூஜை போட முடியாது.

வைகாசி வெயிலில் ஒரு காலை, ஜெயக்கொடி பக்கவாட்டில் பெருக்கிக்கொண்டிருந்தாள். தரையில் மஞ்சளாக நாலைந்து கிடந்தன. குனிந்து எடுத்தாள். முகர்ந்தாள். ஒன்றை வாயில் போட்டாள், இன்னொன்றையும் போட்டாள். பிறகு துடைப்பத்தோடு கூடத்துக்கு வந்து கணவர் முன்னால் நின்றாள்.

"இன்னாமே? பேசாம நிக்கறே?"

அவளால் பேச முடியவில்லை. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கால் ஈரப்படுத்திப் பிரித்துக்கொண்டு, "தின்னு பாரு" என்று கையில் இருந்ததை நீட்டினாள்.

லோகநாதன் தின்றார். சின்ன வயதில் டவுசர் பை நிறையத் தின்ற பழத்தை எந்த நாக்குதான் மறக்கும்? கொட்டையைத் துப்பிக் கையில் ஏந்திப் பார்த்தார். செங்கறுப்பாய்ப் பளபளவென்று இருந்தது. செருப்புப் போடாமல் ஓடிப்போய் மரத்தை அண்ணாந்து பார்த்தார். இலை மறைவில் கொத்துக் கொத்தாகப் பாலைப் பழம்.

உடனே படப்பைக்குப் போன் போட்டார். சவுரிமுத்துவுக்கு ஆச்சரியமே இல்லை.

"அண்ணா, சப்போட்டா செடியை நாங்க தனியா வளக்கறதில்ல. பாலை விதை போட்டு, அது தண்டு பிடிச்சதும் மேல சப்போட்டாவ ஒட்டுவோம். வேர் பாலை, தலை சப்போட்டா. உங்க செடிக்கு வெள்ளத்துல தலை செத்துப்போயிருக்கும், கீழேர்ந்து பாலை கிளம்பியிருக்கும். அப்பவே சொல்லிருந்தா வேற செடி குடுத்திருப்பேனே!"

போனை வைத்துவிட்டு லோகநாதன் படியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷமாக அவர் கொண்டுபோனது அசல் பாலைக் கொப்பு. ஒரு வருஷம்கூடப் பொய் போகவில்லை. "பாத்தியாமே, நான் ஒண்ணும் ஏமாத்தலை" என்று ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அவள்தான். "அப்போ ஊர்ல கீற ஒரே பாலை இதான். இத்தயா மோகன்ராஜு இடிக்கப் போறான்?"

அன்று சாயங்காலமே மோகன்ராஜைப் பார்க்கப் போனார். தூண் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் தள்ள முடியுமா என்று கேட்டார். தள்ளினால் இரண்டு கார் நிறுத்துமிடம் போகும் என்று பிளானை விரித்துக் காட்டினார் மோகன்ராஜ். ஆடி முடியும்வரையாவது பொறுக்க முடியுமா என்று கேட்டார்.

"ஆவணிக்குப் போனா மழை வந்துடும் சார். ஒரு சப்போட்டா மரத்துக்கா இவ்ளோ? ஃபிளாட் முடிஞ்சதும் தொட்டில ரெண்டு செடி வெச்சுத் தரேன்."

அது சப்போட்டா இல்லை என்று சொல்ல லோகநாதன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பாலை என்று சொன்னால் அது ஊருக்குத் தெரியும். தெரிந்தால் என்ன கேட்பார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, விஷயம் இதுதான். அம்மன் கொப்பு எடுக்கும் கடைசி மரம் இடிபடப் போகிறது என்று கோயிலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் திரண்டு வந்து நிற்கும். பழைய ஊர்க்காரர்கள் மட்டுமில்லை, மாலை நடைப்பயிற்சிக்கு வருகிற அடுக்குமாடிக்காரர்களும் வருவார்கள். மோகன்ராஜ் பிளானை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஊர் அந்த மரத்தைச் சப்போட்டா என்றே அறியும், சொன்னவரும் இதே லோகநாதன்தான். எப்போது பாலையாயிற்று என்பார்கள். இப்போதுதான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அப்படியானால் இத்தனை வருஷம் காட்டுக்குப் போகாமல், சப்போட்டா என்று நினைத்துக்கொண்டே வெட்டிவந்து அம்மன் தலையில் கட்டினாயா என்பார்கள். கொப்பு அசல்தான், கொண்டுவந்த மனசு அசல் இல்லை. மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கொப்புக்காரர் என்ற பெயரைக் கொடுக்க வேண்டும்.

ஜெயக்கொடி சுற்றிவளைக்காமல் சொன்னாள். "போய் ஒத்துக்கோ. ஊரு ரெண்டு நாளு திட்டும், அப்பறம் மறந்துடும். மரம் நிக்கும்ல?"

"சரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பூசாரி வீட்டுக்குக் கிளம்பினார். நிஜமாகவே சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனார். அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

பொன்னுரங்கம் அவரைவிட மூத்தவர். வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீக்குச் சொல்லிவிட்டு, இவர் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"லோகு, நானே ஒன்னிய பாக்கணும்னு இருந்தேன். கமிட்டில பேசிக்கினோம். பாம்பு கீம்புன்னு பாக்காம, இந்த வயசுலயும் அந்தக் காட்டுக்குள்ள பூந்து எடுத்தாறியே, இந்த வருஷம் ஒனக்குப் பட்டு வேட்டி போடறதுன்னு முடிவு. அபார்ட்மென்ட்டு ஆளுங்கதான் மொதல்ல சொன்னாங்கோ. ஒன்ன மாரி ஆளு இருக்கறதுனாலதான் ஊரு இன்னும் ஊரா கீதுன்னு ஒருத்தரு சொன்னாரு."

லோகநாதன் டீயைக் குடித்தார். சூடாக இருந்ததால் மெதுவாகவே குடிக்க வேண்டியிருந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா விசயமா வந்தே?" என்று பொன்னுரங்கம் கேட்டார். "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தார்.

வீட்டில் ஜெயக்கொடி கேட்டாள். "சொல்லிட்டியா?"

"அவராண்ட ஆளுங்க இருந்தாங்க."

"நான் போய்ச் சொல்லட்டா?"

"சொன்னேன்னா அப்பறம் நான் இந்த ஊர்ல தல காட்ட முடியாது. தெரிஞ்சுக்கோ."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்தாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதரை ஊர் நடுவில் கூனிக்குறுகி நிற்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனி மாதம் சாமான்களை ஏற்றிக்கொண்டு சாராள் டீச்சர் வீட்டு மாடிக்கு வாடகைக்குப் போனார்கள். பாலு குடும்பம் ஊரப்பாக்கத்தில் அவன் மாமனார் வீட்டில் தங்கிக்கொண்டது. இடிக்கிற அன்று லோகநாதன் வர மாட்டேன் என்றார். பிறகு வந்து நின்றார். வீடு மத்தியானத்துக்குள் தரைமட்டமாகிவிட்டது. மரம் மட்டும் ஜேசிபிக்கு மசியவில்லை. அசைத்துப் பார்த்தார்கள், ஆடியது, சாயவில்லை. மிஷின் ரம்பம் கொண்டுவந்தார்கள். பாதி அறுப்பதற்குள் சங்கிலி அறுந்தது.

"சார், இது இன்னா சப்போட்டா? இரும்பு கணக்கா கீது!" என்றான் ரம்பம் பிடித்தவன்.

"வெள்ளத்துல நின்ன மரம்" என்றார் லோகநாதன்.

வேறு சங்கிலி மாட்டி அறுத்தார்கள். மரம் சாய்ந்ததும் பழமும் காயுமாகக் கொட்டியது. ஜெயக்கொடி புடவை முந்தானையில் அவற்றைப் பொறுக்கினாள். அடுத்த வாரம் கொட்டைகளைக் கழுவி, உலர்த்தி, பஸ் ஏறிப் படப்பைக்குக் கொண்டுபோனாள். சவுரிமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்த விதைக்காக எங்கெங்கோ ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"எல்லாத்தையும் சப்போட்டாவா ஆக்கிடுவியா?" என்று கேட்டாள்.

"அடி பாலையாத்தான் இருக்கும்க்கா. தலைதான் சப்போட்டா. இந்தப் பக்கத்துல எந்த வூட்டு ஒட்டு சப்போட்டாவ எடுத்துக்கிட்டாலும் கீழ பாலைதான் நிக்குது."

"ஒட்டாம அப்டியே ஒண்ணு வளக்கக் கூடாதா?"

"அது காய்க்கற வரைக்கும் யாருக்கா காத்துகினு இருப்பாங்க?" என்று சிரித்தார் சவுரிமுத்து.

ஆடி வந்தது. காப்புக் கட்டும் நாளும் வந்தது. லோகநாதனுக்குக் கொப்பு வேண்டும். முதல் நாள் சாராள் டீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பூஜைக்கா அண்ணா? தாராளமா வெட்டிக்கோங்க. அந்தச் சுவர் பக்கம் போற கிளையா எடுத்துக்கிட்டா எனக்கும் உதவியா இருக்கும்" என்றார் டீச்சர். எந்தப் பூஜை என்று கேட்கவில்லை.

விடிந்ததும் கிளையை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினார். ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வண்டலூர்வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். காட்டிலிருந்து வருகிறவர் அந்த வழியாகத்தானே வர வேண்டும்? டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். மாடிக்கு வந்து சாக்கைப் பிரித்தார். இலைகள் கூராக, பச்சைப்பசேலென்று இருந்தன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இலையின் நுனியையும் நகத்தால் கிள்ள ஆரம்பித்தார்.

ஜெயக்கொடி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். "அம்மன் செஞ்ச வேலையெல்லாம் நீ செய்யறே" என்றாள்.

அவர் அடுத்த இலையைக் கிள்ளினார். நகக்கண்ணெல்லாம் பால் பிசுபிசுத்தது.

புறப்படும்போது கொப்பின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மிச்சத்தைக் கொப்புக்காரர் காலில் ஊற்றுவது வழக்கம். கல்யாணமான வருஷத்திலிருந்து அதைச் செய்கிறவள் ஜெயக்கொடி. அன்று செம்புத் தண்ணீர் முழுவதையும் அவர் காலில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. பொன்னுரங்கம் கொப்பை வாங்கினார். ஒரு இலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா லோகு, இந்த வருஷம் எல பெருசா கீது?"

"மழை ஜாஸ்தி இல்லியா? நல்லா வுட்டுக்கீது."

பூசாரி தலையாட்டினார். கத்தியை வைத்துக் கீறினார். பால் கசிந்து கலசத்தில் சொட்டியது. பம்பை அதிர்ந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். பட்டு வேட்டியைத் தோளில் போட்டு மாலை அணிவித்தார்கள். அடுக்குமாடிக்காரர் ஒருவர் கூடவே நின்று படம் பிடித்துக்கொண்டார். லோகநாதன் சாமியைப் பார்த்துக் கைகூப்பினார். ஆறு வருஷமாக வந்த பயம் இந்தத் தடவையும் வரும் என்று காத்திருந்தார். பயம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாலையும் கழுத்துமாக மாடிப்படி ஏறி வந்தார். வழியெல்லாம் ஒன்றை யோசித்து வைத்திருந்தார். புரோக்கர் மூளை, சும்மா இருக்குமா?

"இந்தாமே, ஒண்ணு ரோசிச்சுப் பாத்தேன். டீச்சர் மரமும் ஒட்டுச்செடிதானே? சவுரிமுத்து இன்னா சொன்னாரு ஒன்னாண்ட? எல்லா சப்போட்டாவுக்கும் கீழ பாலைதான்னாரில்ல? அப்போ நான் எடுத்துக்கினு போனதும் ஒரு கணக்குக்குப் பாலைதானே?"

ஜெயக்கொடி பிரசாதத் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கீழதான்யா பாலை. நீ வெட்டினது மேல."

லோகநாதன் பட்டு வேட்டியைப் பெட்டியில் வைக்கச் சொல்லி நீட்டினார். அவள் திரும்பித் தேங்காயைத் துருவத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அவரே அதை நாற்காலிமேல் வைத்தார்.